மிச்சம் எவ்வளவு? லினக்ஸின் 'ஃப்ரீ' கட்டளை மீது ஒரு விமர்சனம்

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், நாவலுக்கு எழுதுகிறோம். ஒரு கட்டளைக்கு எழுதக் கூடாதா என்ன? லினக்ஸ் சர்வரில் 'ஃப்ரீ' என்று தட்டினால் வருவது மூன்றே வரி. தலைப்பு ஒன்று, மெமரி ஒன்று, ஸ்வாப் ஒன்று. எண்களை எண்ணினால் ஒன்பது. இந்த ஒன்பது எண்களை நம்பித்தான் பெரிய சர்வர் வாங்கப் பணம் கேட்கிறார்கள், ராத்திரி இரண்டு மணிக்கு ஆளை எழுப்புகிறார்கள், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை ரீஸ்டார்ட் பண்ணுகிறார்கள். இத்தனை பேர் படித்து, இத்தனை முடிவு எடுக்கும் ஒரு பிரதியை யாராவது சொல் சொல்லாகப் படித்துப் பார்க்க வேண்டாமா? அதைத்தான் இங்கே செய்யப் போகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டளை கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இரண்டு முறை தன் பதிலைத் திருத்திக்கொண்டிருக்கிறது. கேள்வியை மட்டும் திருத்தவே இல்லை. "மிச்சம் எவ்வளவு?" என்பது அரிசிப் பானையிடம் கேட்க வேண்டிய கேள்வி. சர்வர் மெமரியிடம் கேட்டால் அது ஏதோ ஒரு பதில் சொல்லும். ஆனால் அந்தப் பதிலை வைத்து முடிவெடுத்தால் அடி விழும்.

ஒரே மெஷின், மூன்று பதில்கள்

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 64 ஜிபி மெமரி உள்ள சர்வர். கெர்னல் தனக்கென்று ஆரம்பத்திலேயே ஒதுக்கியது போக 62 ஜிபி தெரிகிறது. அதில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடுகிறது. அதற்கு 16 ஜிபி பகிர்வு மெமரி கொடுத்திருக்கிறோம், அது முழுக்கப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. மற்ற புராசஸ்களின் சொந்த மெமரி இன்னொரு 16 ஜிபி. டிஸ்க்கிலிருந்து படித்த கோப்புகளைக் கெர்னல் 29 ஜிபிக்கு கேஷ் செய்து வைத்திருக்கிறது. யாருமே தொடாமல் சும்மா கிடப்பது 1 ஜிபி. கூட்டினால் 62, சரிதானே?

இந்த மெஷினில் 'யூஸ்டு', அதாவது பயன்பாட்டில் இருப்பது, எவ்வளவு?

ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 6 காலத்து 'ஃப்ரீ' (புராக்பிஎஸ் 3.2.8) சொல்லும்: 61 ஜிபி. அதற்கு யூஸ்டு என்றால் மொத்தத்தில் சும்மா கிடப்பதைக் கழித்தது, அவ்வளவுதான். 2014-ல் வந்த 3.3.10 பதிப்பைக் கேட்டால் 16 ஜிபி என்கும். அது கேஷையும் பஃபரையும் கழித்துவிடுகிறது. இன்றைக்குப் புதிதாக உபுண்டு 24.04 நிறுவினால் 4.0 வரிசை வரும். அது சொல்வது ஏறத்தாழ 33 ஜிபி. இப்போது யூஸ்டு என்றால் மொத்தத்தில் 'அவைலபிள்' என்ற மதிப்பீட்டைக் கழித்தது.

61, 16, 33. மெஷின் ஒன்று, வேலைப்பளு ஒன்று, கட்டளை ஒன்று, தலைப்பில் உள்ள சொல்லும் ஒன்று. பொருள் மட்டும் மூன்று. ஓர் இலக்கணப் புத்தகம் இப்படி இரண்டு முறை சொல்லின் பொருளை மாற்றிவிட்டு, பழைய சொல்லையே அச்சடித்தால் நாம் சும்மா விடுவோமா? பின்னால் வந்த பதிப்புகளின் மேனுவல் பக்கத்தில் சரியாகத்தான் விளக்கியிருக்கிறார்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு மேனுவல் பக்கத்தை யார் திறக்கிறார்கள்?

இதில் நடைமுறைத் தொல்லை ஒன்று உண்டு. பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாறும்போது, "யூஸ்டு 80 சதவீதம் தாண்டினால் அலர்ட்" என்ற பழைய ஸ்கிரிப்டையும் கூடவே காப்பி பண்ணிக்கொண்டு போவார்கள். ஸ்கிரிப்ட் உடையாது, பிழைச் செய்தி வராது, எண்ணும் வரும். ஆனால் அது வேறு ஒன்றின் எண்.

'ஃப்ரீ' என்ற சொல்லே சரியில்லை

இனி முக்கியமான சொல்லுக்கு வருவோம். சும்மா கிடக்கும் மெமரியை 'ஃப்ரீ' என்றால், ஃப்ரீ அதிகம் இருப்பது நல்லது என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மை ஏறக்குறைய தலைகீழ். காசு கொடுத்து வாங்கிய மெமரி சும்மா கிடந்தால் அது வீண். அதனால்தான் கெர்னல் ஒரு கோப்பைப் படித்ததும் அதன் பக்கங்களைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை கேட்டால் டிஸ்க்குக்குப் போக வேண்டியதில்லை.

கூட்டமில்லாத பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொள்கிறோம் இல்லையா, கேஷ் அந்த மாதிரி. ஆள் வந்து நின்றால் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வோம். சீட் நிரம்பியிருக்கிறதா என்று கேட்டால் ஆமாம். உட்கார இடம் இருக்கிறதா என்று கேட்டாலும் ஆமாம். இரண்டும் உண்மை. பழைய 'ஃப்ரீ' முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது. அதனால்தான் "லினக்ஸ் என் மெமரியைத் தின்றுவிட்டது" என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரும் பதறினார்கள்.

பதறியவர்களுக்கு ஒரு ஆறுதல் பதில் உண்டு: "பயப்படாதீங்க, அதெல்லாம் கேஷ். தேவைப்பட்டால் கெர்னல் விட்டுக்கொடுத்துடும்." இருபது வருடமாக இந்தப் பதில்தான் ஓடுகிறது. எனக்கு இந்த ஆறுதல் மீதும் புகார் உண்டு. பாதி உண்மை அது. கேஷ் என்ற தலைப்பின் கீழ் இருக்கிற எல்லாமே பை இல்லை.

மேலே சொன்ன போஸ்ட்கிரெஸின் 16 ஜிபி பகிர்வு மெமரியைக் கெர்னல் எந்தக் கணக்கில் எழுதுகிறது தெரியுமா? கேஷ் கணக்கில். மெமரியிலேயே கோப்புகளை வைக்கும் டெம்ப்எஃப்எஸ் கோப்பு முறைமையும் அதே கணக்குதான். இவற்றின் பிரதி டிஸ்க்கில் கிடையாது. ஸ்வாப் இருந்தால் அங்கே தள்ளலாம், சும்மா தூக்கிப் போட முடியாது. பை என்று நினைத்துக் கை வைத்தால் போர்வைக்குள் ஒரு குழந்தை தூங்குகிறது, அந்த மாதிரி. பழைய 'ஃப்ரீ'யின் இரண்டாவது வரி, பஃபரையும் கேஷையும் சேர்த்துக் கூட்டி, நம் மெஷினில் 46 ஜிபி மிச்சம் என்று சொல்லியிருக்கும். நிஜத்தில் அதில் 16 ஜிபி யாராலும் தர முடியாதது.

கெர்னல்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 2014-ல் ரிக் வான் ரீல் எழுதிய திருத்தம் கெர்னல் 3.14-ல் சேர்ந்தது. 'மெம்அவைலபிள்' என்ற வரி அப்போதுதான் வந்தது. அதற்கு அவர் சொன்ன காரணம் சுருக்கமாக இதுதான்: எல்லோரும் ஃப்ரீயையும் கேஷையும் கூட்டித்தான் மிச்சத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒரு காலத்தில் அது சரியாக இருந்தது, இப்போது தவறு. திரும்ப எடுக்க முடியாத பகிர்வு மெமரி கேஷில் சேர்கிறது, திரும்ப எடுக்கக்கூடிய ஸ்லாப் மெமரி சேராமல் போகிறது. ஆளாளுக்கு ஒரு கணக்குப் போடுவதை விட கெர்னலே போட்டுச் சொல்வது மேல். நியாயமான வாதம், நல்ல திருத்தம். நான் பார்த்தவரை இந்த ஒன்பது எண்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் அவைலபிளைத்தான் வைத்துக்கொள்வேன்.

அவைலபிள்: நல்ல எண், ஆனால் அதற்கும் ஒரு ஊகம் உண்டு

அவைலபிள் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்த்தால் அதன் எல்லை புரியும். சும்மா கிடப்பதை எடுத்து, கெர்னல் அவசரத்துக்கு வைத்திருக்கும் ஒதுக்கீட்டைக் கழிக்கிறது. கோப்புக் கேஷைக் கூட்டுகிறது. அதில் ஒரு சிறு பகுதி எப்படியும் தேவைப்படும் என்று விட்டுவிடுகிறது. திரும்ப எடுக்கக்கூடிய ஸ்லாபுக்கும் அதே மாதிரி. நம் மெஷினில் சுமார் 29 ஜிபி வரும்.

இதில் ஒளிந்திருக்கும் ஊகம் என்ன? கேஷில் இருப்பதில் பெரும்பாலானதை எடுத்துவிட்டால் யாருக்கும் வலிக்காது என்பது. கோப்பு சர்வரில் போன மாதம் படித்த லாக் கோப்புகள் கேஷில் கிடந்தால் ஊகம் சரி. டேட்டாபேஸ் சர்வரில் அப்படி இல்லை. போஸ்ட்கிரெஸின் ஆவணமே பகிர்வு மெமரிக்கு மொத்தத்தில் 25 சதவீதம் என்று ஆரம்பிக்கச் சொல்கிறது. மீதிக்கு இயங்குதளத்தின் கேஷை நம்பியே அந்த மென்பொருள் ஓடுகிறது. அதாவது அந்த 29 ஜிபியில் பெரும்பகுதி, நிமிடத்துக்கு நூறு தடவை தொடப்படும் டேபிள்களாக இருக்கலாம். கெர்னல் அதை அவைலபிள் என்கிறது. டேட்டாபேஸ் அதை என் கை கால் என்கிறது.

நான் பார்த்த ஒரு சம்பவம். பெயர் வேண்டாம். மாதக் கடைசியில் ஒரு பெரிய ரிப்போர்ட் ஓட வேண்டும், தனி சர்வர் வாங்கப் பட்ஜெட் இல்லை. "டேட்டாபேஸ் சர்வரில் முப்பது ஜிபி கிட்ட அவைலபிள் காட்டுதே, அங்கேயே ஓட்டிடலாம்" என்று முடிவெடுத்தார்கள். ரிப்போர்ட் 20 ஜிபி எடுத்துக்கொண்டது. எதுவும் சாகவில்லை. கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சை, அவைலபிள் இன்னமும் 9 ஜிபி இருந்தது. ஆனால் மில்லிசெகண்டில் முடிகிற குவெரிகள் செகண்டுகள் எடுத்தன. பில் போடும் கவுன்டரில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பிரச்சினை நெட்வொர்க்கிலா, டேட்டாபேஸிலா, புதுசாகப் போட்ட கோடிலா என்று அரை நாள் தேடினார்கள். மெமரியை யாரும் சந்தேகப்படவில்லை, ஏன்னா மிச்சம் இருந்ததே!

பிழை எதிர்ப்பக்கமும் வரும். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை தன் கேஷைத் தானே வைத்துக்கொள்கிறது. லினக்ஸில் அது பொதுவான கேஷ் கணக்கில் வராது, அவைலபிளிலும் சேராது. நெருக்கடி வந்தால் சுருங்கிக்கொள்ளக்கூடிய மெமரி, ஆனால் பார்ப்பவருக்குப் பயன்பாட்டில் உள்ளதாகத் தெரியும். அங்கே ஆட்கள் தேவையில்லாமல் மெமரி வாங்குவார்கள்.

புராசஸ் கணக்கும் கண்டெய்னர் கணக்கும்

சரி, மொத்தக் கணக்கை விடுங்க, யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று 'டாப்' கட்டளையில் பார்க்கலாமே என்பீர்கள். அங்கேயும் சொல் சிக்கல்தான்.

'விர்ட்' என்ற எண் பஸ் சீட்டில் துண்டு போட்ட கணக்கு. ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்திருக்கிறார்கள், ஆள் இன்னும் ஏறவில்லை. லினக்ஸ் இருக்கிற சீட்டை விட அதிகத் துண்டுகளைக்கூட அனுமதிக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார வந்தால்தான் ஓஓஎம் கில்லர் வந்து ஒருவரை இறக்கிவிடும். ஆகவே விர்ட் 20 ஜிபி என்று பார்த்துப் பதறுவதில் அர்த்தமில்லை.

'ரெஸ்' உண்மையில் உட்கார்ந்திருப்பதன் கணக்கு. ஆனால் பகிர்வு மெமரியைத் தொட்ட ஒவ்வொரு புராசஸுக்கும் அதை முழுசாக எழுதிவிடும். போஸ்ட்கிரெஸில் நூறு கனெக்‌ஷன் இருந்தால் நூறு புராசஸ். ரெஸ் எண்களைக் கூட்டினால் மெஷினில் இருப்பதை விடப் பல மடங்கு வரும். பகிர்ந்ததைப் பங்கு போட்டுச் சொல்லும் 'பிஎஸ்எஸ்' என்ற எண் ஒவ்வொரு புராசஸின் 'ஸ்மேப்ஸ்' கோப்பில் இருக்கிறது. கெர்னல் 4.14 முதல் கூட்டுத்தொகையாகவே 'ஸ்மேப்ஸ்_ரோல்அப்' கோப்பில் கிடைக்கிறது. வழக்கமான 'டாப்' திரையில் அது தெரியாது.

கண்டெய்னருக்குள் நிலைமை இன்னும் மோசம். உள்ளே 'ஃப்ரீ' தட்டினால் அது ஹோஸ்ட் மெஷினின் கணக்கைத்தான் சொல்லும். கட்டளை படிக்கும் 'மெம்இன்ஃபோ' கோப்பு கண்டெய்னருக்கென்று தனியாகப் பிரிக்கப்படவில்லை. 2 ஜிபி வரம்பு வைத்த கண்டெய்னர் தன்னை 62 ஜிபி பணக்காரன் என்று நினைத்துக்கொள்கிறது. ஜாவா இதில் நன்றாக அடிபட்டது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஹீப்பின் உச்ச வரம்பை மெஷின் மெமரியில் கால் பங்கு என்று அது எடுத்துக்கொள்ளும். வரம்பு 2 ஜிபி, ஜாவாவின் மனக்கணக்கு ஏறத்தாழ 15 ஜிபி. வளர்ந்துகொண்டே போய் வரம்பைத் தொட்டதும் கெர்னல் கொன்றுவிடும். 2018-ல் ஜேடிகே 10-ல் இதைச் சரிசெய்தார்கள். அதே ஆண்டு ஜாவா 8-க்கும் 191-ஆம் அப்டேட்டில் கொண்டுவந்தார்கள். ஆக, இந்தக் குழப்பம் கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் வருவதில்லை, உலகம் முழுக்க ஓடும் ஒரு மென்பொருளுக்கே வந்தது.

கண்டெய்னருக்கு உண்மைக் கணக்கு சிகுரூப்பில் இருக்கிறது. 'மெமரி.மேக்ஸ்' வரம்பு, 'மெமரி.கரன்ட்' இப்போதைய அளவு. அந்த அளவிலும் கேஷ் சேர்ந்தே இருக்கும். அதனால் குபர்னெட்டிஸ் அதிலிருந்து செயலற்ற கோப்புப் பக்கங்களைக் கழித்து 'வொர்க்கிங் செட்' என்று காட்டுகிறது. பாருங்க, பழைய 'ஃப்ரீ' பட்ட அதே பாட்டை இன்னொரு வீட்டில் இன்னொருவர் படுகிறார்.

எண்ணை அழகாக்கும் வேலை

தவறான கேள்வி தவறான வேலையையும் செய்ய வைக்கும். சில இடங்களில் மணிக்கொரு முறை 'டிராப்_கேஷஸ்' கோப்பில் 3 என்று எழுதும் ஒரு கிரான் வேலை இருக்கும். உடனே கேஷ் காலி, ஃப்ரீ எண் எகிறும், வரைபடம் அழகாக இருக்கும். பின்னாலேயே எல்லாவற்றையும் டிஸ்க்கிலிருந்து மறுபடி படிக்க வேண்டியிருக்கும். கெர்னல் ஆவணம், சோதனைக்கும் பிழை தேடுவதற்கும் தவிர இதைப் பயன்படுத்துவது பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தெளிவாகவே சொல்கிறது. ஒவ்வொரு முறை செய்யும்போதும் கெர்னல் லாகில் ஒரு வரி எழுதியும் வைக்கிறது. ஒரு புது சர்வரைப் பொறுப்பேற்றால் நான் முதலில் லாகில் தேடும் வரிகளில் இதுவும் ஒன்று. இருந்தால், இங்கே யாரோ நோயைவிட்டு ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்படியானால் எதைக் கேட்பது?

மெமரி பற்றாக்குறையின் உண்மையான விலை நேரம். வேண்டிய பக்கம் மெமரியில் இல்லாமல், அதற்காக வேலை காத்து நிற்கும் நேரம். இதை நேரடியாக அளக்க 2018 டிசம்பரில் வந்த கெர்னல் 4.20-ல் ஒரு வசதி சேர்ந்தது. பேஸ்புக்கில் இருந்த ஜோஹன்னஸ் வீனர் எழுதியது. பெயர் பிஎஸ்ஐ. 'புராக்' அடைவுக்குள் 'பிரஷர்' என்ற அடைவில் 'மெமரி' என்ற கோப்பைப் படித்தால் இரண்டு வரி வரும். 'சம்' என்ற வரி, குறைந்தது ஒரு வேலையாவது மெமரிக்காகக் காத்திருந்த நேரத்தின் சதவீதம். 'ஃபுல்' என்ற வரி, ஓட வேண்டிய எல்லா வேலைகளும் ஒரே நேரத்தில் காத்திருந்த நேரம். கடைசி 10, 60, 300 செகண்டுகளுக்குச் சராசரி கிடைக்கும். சிகுரூப் இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு கண்டெய்னருக்கும் தனியாகவே இது உண்டு.

அந்த மாதக் கடைசி ரிப்போர்ட் சம்பவத்தில் யாராவது இந்தக் கோப்பைப் பார்த்திருந்தால் அரை நாள் தேடியிருக்க வேண்டாம். அவைலபிள் பச்சையாக இருக்கும்போதே பிரஷர் ஏறியிருக்கும். 'விஎம்ஸ்டாட்' கோப்பிலுள்ள 'வொர்க்கிங்செட்_ரீஃபால்ட்' எண்களும் ஓடியிருக்கும். தூக்கி எறிந்த பக்கத்தையே உடனே மறுபடி கேட்கிறார்கள் என்பதன் கணக்கு அது.

பிஎஸ்ஐக்கும் குறை உண்டு. ஒரு புராசஸ் திடீரென்று பெரிய அளவு கேட்டால், பிரஷர் ஏறி அலர்ட் வருவதற்குள் ஓஓஎம் கில்லர் வேலையை முடித்துவிடலாம். ரெட் ஹாட் 8 போன்ற சில இடங்களில் பூட் அளவுருவில் நாமாக இயக்கினால்தான் வேலை செய்யும். அதனால் அவைலபிளைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அவைலபிள் எவ்வளவு தூரத்தில் சுவர் இருக்கிறது என்று சொல்கிறது, பிரஷர் இப்போது வலிக்கிறதா என்று சொல்கிறது. இரண்டும் வேண்டும்.

கடைசியாக விமர்சகனின் தீர்ப்பு. 'ஃப்ரீ' கட்டளையை எழுதியவர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. கெர்னல் கொடுப்பதை ஒழுங்காக எடுத்துக் காட்டுகிறார்கள், ஒவ்வொரு திருத்தமும் உண்மைக்கு ஒரு படி நெருக்கமாகத்தான் போயிருக்கிறது. ஆனால் 'யூஸ்டு' என்ற நெடுவரிசையை எடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். மூன்று பொருள் சுமந்து தேய்ந்துபோன சொல் அது. 'ஃப்ரீ'க்கு 'சும்மா கிடப்பது' என்ற பொருள் வருகிற ஒரு பெயர் வைக்கலாம். அந்த இடத்தில் பிரஷர் வரியைச் சேர்த்தால், ஒன்பது எண்களைப் படித்துவிட்டு யாரும் நன்றாக ஓடுகிற சர்வரை ரீஸ்டார்ட் பண்ண மாட்டார்கள், திணறுகிற சர்வரைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கவும் மாட்டார்கள்.

அதுவரை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். உங்கள் கண்காணிப்பில் யூஸ்டு சதவீதத்தில் அலர்ட் இருந்தால், அது எந்தப் பதிப்பின் யூஸ்டு என்று ஒரு தடவை பாருங்கள். முடிந்தால் அதை அவைலபிளுக்கு மாற்றி, பக்கத்திலேயே பிரஷருக்கும் ஒரு வரைபடம் போட்டு, ஒரு மாதம் இரண்டையும் சேர்த்துக் கவனியுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படுகிற நேரங்களை மட்டும் குறித்து வையுங்கள். உங்கள் சர்வரைப் பற்றி நீங்கள் அதிகம் தெரிந்துகொள்ளப் போவது அந்த நேரங்களில்தான்.